புறநகரைத் திட்டும் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். நகரத்தைச் சுற்றிப் பரந்துகொண்டே போகும் புதுக் குடியிருப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் சில சொற்கள் தாமாகவே நாக்கில் வந்து நிற்கும். எல்லா வீடும் ஒரே அச்சு, களையே இல்லாத இடம், எந்தத் தெரு என்றே தெரியவில்லை. இவற்றில் கோபம் இருக்கிறது. எதை மாற்றினால் அந்த இடம் தேறும் என்ற தகவல் இல்லை. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த வசைமொழி எங்கே குறி பார்த்து அடித்தது, எங்கே குறி தவறியது என்று இன்று பார்க்கலாம்.

1955 ஜூன் மாதம் லண்டனின் 'ஆர்க்கிடெக்சுரல் ரிவியூ' என்ற கட்டடக்கலைப் பத்திரிகை ஓர் இதழை இயன் நேர்ன் என்ற இளைஞரின் கையில் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 24. படித்தது கணிதம், வேலை பார்த்தது விமானப் படையில். தெற்கே சவுத்தாம்ப்டனிலிருந்து வடக்கே கார்லைல் வரை சாலை வழியாகப் போய், கண்ணில் பட்டதையெல்லாம் படங்களோடு அடுக்கினார். ஊர், காடு, வயல் என்ற வேறுபாடு அழிந்து எல்லாம் ஒன்றாகக் கலங்கிப் போவதற்கு 'சப்டோப்பியா' என்று பெயர் சூட்டினார். இப்படியே விட்டால் சவுத்தாம்ப்டன் முடியும் இடமும் கார்லைல் தொடங்கும் இடமும் ஒரே மாதிரி ஆகிவிடும் என்று எச்சரித்தார்.

அந்தப் பெயர் வேகமாகப் பரவியது. பெயரைவிட அவர் போட்ட பட்டியல்தான் மேலானது என்பேன். கம்பி வேலி, தேவையில்லாத அறிவிப்புப் பலகை, ரவுண்டானா, கார் நிறுத்தும் திடல், கைவிடப்பட்ட விமானத் தளம், போலிக் கிராமிய அலங்காரம். இவை ஒவ்வொன்றையும் யாரோ ஓர் அதிகாரி ஒப்புதல் கொடுத்து நட்டு வைத்திருக்கிறார். ஆகவே ஒவ்வொன்றைப் பற்றியும் ஒருவரிடம் போய்க் கேள்வி கேட்க முடியும். 1956 டிசம்பரில் அதே பத்திரிகை மாற்று வழிகளுக்கென்றே இன்னொரு சிறப்பிதழ் போட்டது. பட்டியல் இருந்ததால்தான் அந்த இரண்டாவது இதழுக்கு வேலை இருந்தது.

அமெரிக்காவில் வசை வேறு பக்கம் திரும்பியது. 1962-இல் மால்வினா ரெனால்ட்ஸ் எழுதிய பாட்டு, கலிபோர்னியாவின் டேலி சிட்டி மலைச்சரிவு வீடுகளைச் சின்னப் பெட்டிகள் என்றது. அத்தோடு நிற்காமல், அந்த வீடுகளில் இருக்கும் மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் ஒரே வார்ப்பு என்றது. வீட்டின் மேல் விழுந்த அடி குடியிருப்பவர் மேலும் விழுந்தது. இது நியாயமில்லை. ஹெர்பர்ட் கான்ஸ் என்ற சமூகவியலாளர் 1958-இல், லெவிட் என்ற நிறுவனம் மொத்தமாகக் கட்டி 'லெவிட்டவுன்' என்று பெயரிட்ட புறநகர்களில் நியூ ஜெர்சியில் இருந்த ஒன்றில் வீடு வாங்கிக் குடியேறி, இரண்டாண்டுகள் கூடவே வாழ்ந்து ஆராய்ந்தார். வெளியில் இருந்தவர்கள் வருணித்த மந்தையை அவர் அங்கே காணவில்லை.

அப்படியானால் ஒரே மாதிரி வீடுகள் எங்கிருந்து வந்தன? நியூயார்க் அருகே 1947 முதல் 1951 வரை எழுந்த முதல் லெவிட்டவுனில் 17,447 வீடுகள். மனை 60-க்கு 100 அடி. முதலில் கட்டிய வீடு 750 சதுர அடி. நிலவறை தோண்டாமல் தரையிலேயே கான்கிரீட் தளம் போட்டார்கள். கட்டும் வேலையை 27 படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் ஒரு வேலையை மட்டும் முடித்துவிட்டு அடுத்த மனைக்கு நகர்ந்தது. வேகம் கூடிய நாட்களில் நாளுக்கு 30 வீடுகள் வரை முடிந்தன. இதற்குப் பின்னால் கடன் விதி இருந்தது. 1934-இல் அமைந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்குக் காப்பீடு தந்தது. அதைப் பெற அதன் தரங்களுக்கு ஒத்துப் போக வேண்டும். 1936-இலேயே அது வெளியிட்ட கையேடு நேர்க்குறுக்குத் தெருக்களைக் குறை கூறி, வளைந்த தெருவையும் முட்டுச் சந்தையும் பரிந்துரைத்தது. வரைபடத்தை முடிவு செய்ததில் குடியிருப்பவரின் ரசனையைவிடக் கடன் கொடுப்பவரின் விதிக்குப் பங்கு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த முதல் லெவிட்டவுனின் குத்தகைப் பத்திரத்தில் வெள்ளையர் மட்டுமே குடியிருக்கலாம் என்ற நிபந்தனை இருந்தது. பெட்டி, அச்சு, சலிப்பு என்ற சொற்களில் எதற்கும் இது அகப்படாது. கூரையின் வடிவத்தைத் திட்டும் சொல்லால் வாசலில் தடுக்கப்பட்டவரைக் காட்ட முடியாது. வீடுகளோ காலப்போக்கில் மாறின: மாடி எடுத்தார்கள், பின்புறம் நீட்டினார்கள். கட்டியபடியே இருக்கும் வீட்டை இன்று அங்கே தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஒரு புறநகரைக் குறை சொல்ல வேண்டுமானால் அளந்து சொல்லுங்கள். ஒரு வீட்டு வாசலையும் கடையையும் எடுத்துக்கொண்டு, வரைபடத்தில் நேர்க்கோட்டுத் தூரத்தைக் குறியுங்கள். பிறகு நடந்து போக வேண்டிய தூரத்தை அளந்து, நேர்த்தூரத்தால் வகுங்கள். சீரான குறுக்குத் தெருக்கள் உள்ள ஊரில் விடை ஏறத்தாழ ஒன்றரையைத் தாண்டாது. 200 மீட்டரில் தெரியும் கடைக்கு 1,200 மீட்டர் சுற்ற வேண்டுமென்றால் விடை 6. 'உயிரற்ற இடம்' என்று மனுவில் எழுதினால் பதில் வராது. '6' என்று எழுதினால் எந்தச் சந்து எங்கே முட்டுகிறது என்று அதிகாரி வரைபடத்தைத் திறந்தாக வேண்டும். அடுத்து, தெருவிலிருந்து வீட்டுச் சுவர் எத்தனை மீட்டர் தள்ளியிருக்கிறது, கடைக்கு எத்தனை கார்களுக்கு இடம் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டுமே விதிப் புத்தகத்தில் இருக்கும் எண்கள், திருத்தக்கூடியவை.

முட்டுச் சந்தின் கடைசியில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடைபாதை திறந்தாலே அந்த விடை வெகுவாகக் குறையும். ஆனால் இரண்டு உயரமான வேலிகளுக்கு நடுவே, வளைவோடு, விளக்கில்லாமல் பாதை விட்டால் ஆட்கள் பயப்படுவார்கள். சில ஆண்டுகளில் அக்கம்பக்கத்தாரே அதை அடைக்கச் சொல்வார்கள். பாதை நேராக இருக்க வேண்டும், நுழையும்போதே மறுமுனை தெரிய வேண்டும், பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்றாவது அதைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மனை பிரிக்கும் கட்டத்திலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். வீடுகள் விற்று முடிந்த பிறகு அந்த மூன்று மீட்டர் யாரோ ஒருவரின் தோட்டமாகியிருக்கும்.

வணக்கம்.