ஐபிஎம் பிபிஎம் இன்ஸ்டலேஷன்: செட்டப் ஃபைலைத் தொடுறதுக்கு முன்னாடி

வணக்கம். இன்னைக்கு ஐபிஎம் பிசினஸ் ஆட்டோமேஷன் ஒர்க்ஃப்ளோ, அதாவது கம்பெனி வேலைகளைப் படிப்படியா ஓட்டுற சாஃப்ட்வேர். 2018 வரைக்கும் இதுக்கு ஐபிஎம் பிபிஎம்னு பேரு. அதுக்கு முன்னாடி லொம்பார்டி கம்பெனியோட டீம்ஒர்க்ஸ், அதை ஐபிஎம் 2010-ல வாங்கினாங்க. பழைய வாசனை இன்னும் போகல. அட்மின் கன்சோல்ல டேட்டா சோர்ஸ் லிஸ்ட்டைத் திறந்தா டீம்ஒர்க்ஸ்டிபின்னு ஒண்ணு உக்காந்திருக்கும், பயந்துடாதீங்க, அதுதான் உங்க மெயின் டேட்டாபேஸ். நாம பேசப் போறது ஐபிஎம்-ஓட அப்ளிகேஷன் சர்வரான வெப்ஸ்பியர் மேல, சொந்த சர்வர்ல போடுற பழைய மாடல். கன்டெய்னர் கதை வேற.

இன்ஸ்டால் பண்றது ஒரு நாள் வேலை. பிளான் பண்ண ரெண்டு வாரம் கேளுங்க. மேனேஜர் முறைச்சா, முடிவுகளை ரெண்டு கூடையாப் பிரிச்சுக் காட்டுங்க: அப்புறம் மாத்திக்கலாம்ங்கிறது ஒரு கூடை, மாத்தணும்னா இடிச்சுட்டுத்தான் கட்டணும்ங்கிறது இன்னொண்ணு. ஹீப் சைஸ் (ஜாவாவுக்கு ஒதுக்குற மெமரி), கனெக்‌ஷன் பூல், த்ரெட் எண்ணிக்கை எல்லாம் முதல் கூடை. ஒரு ரீஸ்டார்ட்ல முடிஞ்சுரும். ஆனா மீட்டிங்ல ஜனங்க மணிக்கணக்கா சண்டை போடுறது இதுக்குத்தான். ரெண்டாவது கூடையைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டாங்க. அதனால நாம அங்கிருந்து ஆரம்பிப்போம்.

முதல்ல ஹோஸ்ட்நேம். டிப்ளாய்மென்ட் மேனேஜர் (சுருக்கமா டிமேனேஜர், மத்த சர்வரையெல்லாம் மேய்க்கிறது) மெஷினுக்கும், சர்வர்கள் ஓடுற ஒவ்வொரு நோடு மெஷினுக்கும் டிஎன்எஸ்-ல பதிவான முழுப் பேரு வேணும். லோக்கல்ஹோஸ்ட் கூடாது, ஐபி நம்பர் கூடாது, பேருல அண்டர்ஸ்கோர் கூடாது. ஹோஸ்ட்ஸ் ஃபைல்ல மெஷினோட சொந்தப் பேரு 127.0.0.1-க்கு நேரா எழுதியிருக்கான்னு பாருங்க. சில லினக்ஸ் டெம்ப்ளேட்ல அப்படித்தான் வரும். அப்படியே விட்டா நோடு தன்னைத்தானே கூப்பிட்டுக்கிட்டு நிக்கும், டிமேனேஜருக்கு அது கண்ணுலயே படாது. அடுத்தது கடிகாரம். நோடுக்கும் டிமேனேஜருக்கும் 5 நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா நோடு செல்லுக்குள்ள, அதாவது அந்த டிமேனேஜர் மேய்க்கிற கூட்டத்துக்குள்ள, சேராது. கடிகாரத்தைச் சரியா வைக்கிற என்டிபி ஓடுதான்னு ஒவ்வொரு மெஷின்லயும் பாத்துடுங்க, அரை நிமிஷ வேலை.

செல் பேரு, டிப்ளாய்மென்ட் என்விரான்மென்ட் பேரு, கிளஸ்டர் (ஒரே வேலையைச் செய்யுற சர்வர் கூட்டம்) பேரு எல்லாமே ரெண்டாவது கூடைதான். டெஸ்டுக்கும் புரொடக்‌ஷனுக்கும் ஒரே செல் பேரு வைக்காதீங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு லாக் ஃபைலைப் பாக்கிறவருக்கு இது எந்த ஊருன்னு தெரியணும்.

இப்ப டேட்டாபேஸ், இங்க கொஞ்சம் நின்னு பேசணும். புரொடக்‌ஷனுக்கு மூணு டேட்டாபேஸ்: காமன், பிராசஸ், அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் டேட்டா வேர்ஹவுஸ். டிபி2-ன்னா யூடிஎஃப்-8, பேஜ் சைஸ் 32768, ரெண்டையும் டிபிஏ (டேட்டாபேஸைப் பாத்துக்கிறவர்) கையில எழுத்துல குடுங்க. வாயால சொன்னா வழக்கமான 4கே-ல உருவாக்கி வச்சிருவாங்க. அப்புறம் டேபிள் ஸ்கிரிப்ட் ஓடும்போது எஸ்க்யூஎல்0286என்-னு எரர் வரும், அந்த அளவு பேஜ் இருக்கிற டேபிள்ஸ்பேஸே இல்லைன்னு அர்த்தம். உருவாக்கின டேட்டாபேஸோட டீஃபால்ட் பேஜ் சைஸை மாத்த வழி கிடையாது, டிராப் பண்ணிட்டு மறுபடி உருவாக்கணும். டிபி2-ல இன்னொண்ணு: லாக்டைம்அவுட் வழக்கமா -1. அதாவது லாக் கிடைக்கிற வரைக்கும் காலமெல்லாம் காத்திருக்கும். ஒரு டிரான்சாக்‌ஷன் மாட்டிக்கிட்டா பின்னாடி வர்றது எல்லாம் ரேஷன் கடை கியூ மாதிரி நிக்கும். 30 விநாடின்னு வச்சு ஆரம்பிங்க.

எஸ்க்யூஎல் சர்வர்னா கொலேஷன்ல, அதாவது எழுத்துகளை ஒப்பிடுற விதியில, கண்ணை வைங்க. பிராசஸ் டேட்டாபேஸும் வேர்ஹவுஸும் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காத கொலேஷன்ல இருக்கணும். காமன் டேட்டாபேஸ் நேர் எதிர், வித்தியாசம் பாக்கணும். மூணையும் ஒரே டெம்ப்ளேட்ல உருவாக்கினா ஏதாவது ஒண்ணு கட்டாயம் தப்பு. ஆரக்கிள்ல மாட்டுற இடம் எக்ஸ்ஏ ரெக்கவரி. சர்வர் விழுந்து எழும்பும்போது பாதியில நின்ன டிரான்சாக்‌ஷனைத் தேடும். அதுக்கு டிபிஏ_பெண்டிங்_டிரான்சாக்‌ஷன்ஸ், டிபிஏ_2பிசி_பெண்டிங் ரெண்டுலயும் செலக்ட் உரிமையும், டிபிஎம்எஸ்_எக்ஸ்ஏ-ல எக்ஸிக்யூட் உரிமையும் வேணும். இல்லாட்டியும் நாள் பூரா நல்லாத்தான் ஓடும். முதல் கிராஷ்லதான் குட்டு உடையும்.

டிரைவர் விஷயம்: டிபி2 டிரைவர் கூடவே வருது. ஆரக்கிள்னா எல்லா மெஷின்லயும் டிரைவர் ஒரே வெர்ஷன், ஒரே பாத்-ல இருக்கான்னு பாத்துக்குங்க.

டோபாலஜி. டெவலப்பர்கள் வேலை செய்யுற ஒர்க்ஃப்ளோ சென்டருக்கு ஒரே கிளஸ்டர் போதும். புரொடக்‌ஷன்ல மூணு: அப்ளிகேஷன், மெசேஜிங், சப்போர்ட். ஏன் பிரிக்கணும்? மெசேஜிங் இன்ஜின் ஒரு நேரத்துல ஒரு மெம்பர்லதான் உயிரோட இருக்கும், மத்தது காத்திருக்கும். அதை அப்ளிகேஷன் கூடவே வச்சா, அப்ளிகேஷன் மெமரி தீர்ந்து விழும்போது மெசேஜிங்கையும் இழுத்துட்டுப் போகும். அப்ளிகேஷனை மட்டும் மூணு, நாலு மெம்பரா வளர்க்கணும்னாலும் பிரிச்சு வச்சிருந்தாத்தான் சுலபம். ஓடிக்கிட்டிருக்கிற ஒத்தைக் கிளஸ்டரை அப்புறம் மூணாக்குறது புது வீடு கட்டுறதுக்குச் சமம்.

மெமரியை கூட்டிப் பாருங்க. ரெண்டு நோடு, ஒவ்வொண்ணுலயும் மூணு ஜேவிஎம் (ஜாவா சர்வர், கிளஸ்டருக்கு ஒண்ணு), கூட ஒரு நோடு ஏஜென்ட். அப்ளிகேஷனுக்கு ஹீப் 4 ஜிபி, சப்போர்ட்டுக்கு 2, மெசேஜிங்குக்கு 2, ஏஜென்டுக்கு அரை. ஆக எட்டரை. ஹீப்புக்கு வெளியே ஒவ்வொரு ஜேவிஎம்மும் தின்னுற மெமரி, ஆபரேட்டிங் சிஸ்டம் இதையெல்லாம் சேர்த்தா 16 ஜிபி-க்குக் கீழ இறங்காதீங்க. ஸ்வாப்புக்குப் போற ஜேவிஎம் ஓடாது, தவழும். கனெக்‌ஷனும் இதே கணக்குதான். ஒரு பூல் 200, மெம்பர் ரெண்டுன்னா அந்த ஒரு டேட்டா சோர்ஸுக்கே 400. டேட்டாபேஸ் பக்கம் 300-னு வரம்பு இருந்தா, லோடு ஏறுற அன்னைக்குத்தான் தெரியும். ரெண்டும் முதல் கூடைதான், ஆனா வன்பொருள் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை எழுதிப் பாத்துடுங்க.

ரெண்டு டேட்டா சென்டருக்கு நடுவுல ஒரே செல்லை நீட்டலாமான்னு நிறையப் பேரு கேக்குறீங்க. வேண்டாம். நடுவுல நெட்வொர்க் ஒரு நிமிஷம் போச்சுன்னா ரெண்டு பக்கமும் மத்தவன் செத்துட்டான்னு முடிவு பண்ணும். ரெண்டாவது டேட்டா சென்டர்ல தனி செல் வைங்க.

யூசர்கள். வெப்ஸ்பியர்ல உள்ளூர் ஃபைல் ரெஜிஸ்ட்ரியும் கம்பெனியோட எல்டாப்பும் (ஊழியர் கணக்கு எல்லாம் இருக்கிற டைரக்டரி) சேர்ந்து ஒரே பட்டியலா தெரியும். செல் அட்மினுக்கு "அட்மின்"னு பேரு வச்சு, எல்டாப்லயும் ஒரு "அட்மின்" இருந்தா, லாகின் பண்ணும்போது சிடபிள்யூடபிள்யூஐஎம்4538ஈ வரும். ரெண்டு ஆளு இருக்காங்க, எவரைச் சொல்றேன்னு கேக்குது. எங்கேயும் இல்லாத பேரா வைங்க. எல்டாப் பேஸ் டிஎன்-ஐ (தேடல் ஆரம்பிக்கிற இடம்) மொத்தக் கம்பெனிக்கும் திறந்து விடாதீங்க, இந்த அப்ளிகேஷனைத் தொடுற குரூப்புகளை மட்டும் காட்டுங்க. குரூப் தேடுறதுலயே லாகின் நேரம் போயிரும்.

யூசர் பிரவுசர்ல அடிக்கப் போற யூஆர்எல்-ஐயும் இப்பவே முடிவு பண்ணுங்க. லோடு பேலன்சர் பேரை பிபிஎம்விர்ச்சுவல்ஹோஸ்ட்இன்ஃபோங்கிற செட்டிங்ல குடுக்கலைன்னா, டாஸ்க் மெயில்ல போற லிங்க் உள் சர்வர் பேரோட 9443 போர்ட்டைத் தூக்கிட்டுப் போகும். ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்குத் திறக்கும், வெளியில இருக்கிறவங்களுக்குத் திறக்காது. மெயில்ல போயிட்ட லிங்க்கை யாரும் திருப்பி வாங்க முடியாது.

சரி, இன்ஸ்டால் நாள். லினக்ஸ்ல திறந்த ஃபைல் வரம்பு வழக்கமா 1024. அதை 65536 ஆக்குங்க, இல்லைன்னா "டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்". ரூட் வேண்டாம், தனி யூசர், எல்லா மெஷின்லயும் ஒரே டைரக்டரி. விண்டோஸ்னா டைரக்டரி பேரு குட்டியா இருக்கட்டும், சி டிரைவ்ல ஒரு ஐபிஎம், அதுக்குள்ள ஒரு பி-னு. உள்ளே போகப் போக பாத் 260 எழுத்தைத் தாண்டினா காரணமே சொல்லாம நிக்கும். இன்ஸ்டலேஷன் மேனேஜரோட ஐஎம்சிஎல் கமாண்ட்ல சைலன்டா போடுங்க. ஸ்கிரிப்ட் கையில இருக்கும், ரெண்டாவது மெஷினும் முதல் மெஷின் மாதிரியே வரும். ஃபிக்ஸ் பேக்கை (ஐபிஎம் விடுற திருத்தத் தொகுப்பு) இப்பவே போட்டுடுங்க, என்விரான்மென்ட் உருவாக்குறதுக்கு முன்னாடி. அப்புறம் போட்டா டேட்டாபேஸ் ஸ்கீமாவையும் அப்கிரேட் பண்ண வேண்டி வரலாம்.

அதுக்கப்புறம் எல்லாமே பிபிஎம்கான்ஃபிக் கமாண்டும் ஒரு பிராபர்ட்டீஸ் ஃபைலும்தான். சாம்பிள்ஸ் டைரக்டரியில உங்க டோபாலஜி, டேட்டாபேஸ் பேரு போட்ட ஃபைல் இருக்கும். அதை காப்பி எடுத்து நிரப்புங்க. பாஸ்வேர்டுலயோ பாத்லயோ பேக்ஸ்லாஷ் வந்தா ரெண்டு தடவை எழுதணும். ஒண்ணே எழுதினா அது முழுங்கிரும், நீங்க பாஸ்வேர்டு தப்புன்னு டிபிஏகிட்ட போய் நிப்பீங்க. முதல்ல எஸ்க்யூஎல்ஃபைல்ஸ் ஆப்ஷனோட ஓட்டி, ஸ்கிரிப்டை மட்டும் எடுத்து டிபிஏகிட்ட குடுங்க. டேபிள் எல்லாம் வந்த பிறகு, அதே ஃபைலோட டிமேனேஜர் மெஷின்ல கிரியேட் ஓட்டுங்க. டிமேனேஜரை ஸ்டார்ட் பண்ணிட்டு ஒவ்வொரு நோடுலயும் அதே கமாண்ட், அதே ஃபைல். நோடுக்கு நோடு ஃபைலைத் திருத்தாதீங்க. ஸ்கீமாவை, அதாவது டேபிள் உருவாக்குறதை, தள்ளி வைக்கச் சொல்லியிருந்தீங்கன்னா பூட்ஸ்ட்ராப்பிராசஸ்சர்வர்டேட்டா கமாண்டை நீங்களே ஒரு தடவை ஓட்டணும். அதை மறந்தா சர்வர் ஏறும், ஆனா அப்ளிகேஷன் ஸ்டார்ட் ஆகாது. டேபிள் இருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லை.

கடைசியா ஒண்ணு, இதை பிளான் ஷீட்ல யாரும் எழுத மாட்டாங்க. முடிஞ்ச பிராசஸ் இன்ஸ்டன்ஸ் (ஒரு தடவை ஓடின வேலையோட பதிவு) தானா அழியாது. எல்எஸ்டபிள்யூ_பிபிடி_இன்ஸ்டன்ஸ்_டேட்டா டேபிள் நாளுக்கு நாள் வீங்கும். முடிஞ்ச இன்ஸ்டன்ஸை எத்தனை நாள் வைக்கணும்னு பிசினஸ் டீம்கிட்ட இப்பவே ஒரு நம்பர் வாங்குங்க, 90-ஓ 180-ஓ. பிபிஎம்பிராசஸ்இன்ஸ்டன்சஸ்கிளீனப் கமாண்டை முதல் வாரத்துலயே ஷெட்யூல்ல போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா அழிங்க. ஒரு வருஷக் குப்பையை ஒரே ராத்திரியில தள்ளினா டிபி2 டிரான்சாக்‌ஷன் லாக் நிரம்பி எஸ்க்யூஎல்0964சி வரும், அழிச்சது எல்லாம் ரோல்பேக் ஆகி காலையில அதே குப்பை அங்கேயே இருக்கும்.

சென்டர்ல இருந்து புரொடக்‌ஷனுக்கு ஃபயர்வால் திறக்க செக்யூரிட்டி டீம் ஒத்துக்கலைன்னா, ஆஃப்லைன் பேக்கேஜ் வழி இருக்கு. அதுக்கு அடுத்த வீடியோ. உங்க டேட்டாபேஸ் எது, நோடு எத்தனைன்னு கமென்ட்ல போடுங்க.