துணை நடிகை, முதன்மை நடிகை: லிண்டா கிறிஸ்டாலின் திரைவாழ்க்கை

[திரையில்: அரிசோனாவின் வறண்ட நிலம், குதிரைகள், தூரத்தில் ஒரு பண்ணைவீடு]

1968ஆம் ஆண்டு, அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதின் பரிந்துரைப் பட்டியலில், சிறந்த துணை நடிகை என்ற பிரிவில், 'தி ஹை ஷப்பரல்' தொடரில் நடித்த லிண்டா கிறிஸ்டாலின் பெயர் இருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1971இல், அதே தொடரில் அதே பாத்திரத்தை ஏற்று நடித்ததற்காக அவர் பெயர் மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது. இந்த முறை அது முதன்மை நடிகைக்கான பிரிவில் வந்தது. இரண்டு தடவையும் விருது வேறொருவருக்குப் போனது என்றாலும், அவருடைய வாழ்க்கையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தோன்றவில்லை. ஒரு பண்ணைவீட்டு மனைவியின் பாத்திரம் கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு எப்படி நகர்ந்தது என்பதை அறிய, ஸ்பானிய உச்சரிப்போடு ஆங்கிலம் பேசிய ஒரு நடிகைக்கு அன்றைய ஹாலிவுட் எத்தகைய வேடங்களை வைத்திருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளை நிழற்படங்கள்]

மார்த்தா விக்டோரியா மோயா என்ற பெண் 1931 பிப்ரவரி 23ஆம் நாள் அர்ஜென்டினாவில் பிறந்தார். சிறுவயதிலேயே குடும்பத்தோடு பக்கத்து நாடான உருகுவேயின் தலைநகர் மொண்டெவிடியோவுக்குச் சென்ற அவர், 13 வயதில் தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்தார். நடிக்கத் தொடங்கியது மெக்சிகோவில். அர்ஜென்டினாக் கலைஞர்கள் மெக்சிகோவுக்குச் சென்று பேர் வாங்குவது அந்தக் காலத்தில் புதிய செய்தி அல்ல. பாடகியும் நடிகையுமான லிபெர்தாத் லமார்க்கே 1940களிலேயே அங்கு குடியேறி, அந்நாட்டுத் திரையுலகின் பெரும் நட்சத்திரமாகியிருந்தார். 1952 முதல் மெக்சிகோப் படங்களில் நடித்த மார்த்தா, திரைக்காக லிண்டா கிறிஸ்டால் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். ஸ்பானிய மொழியில் லிண்டா என்றால் அழகி, கிறிஸ்டால் என்றால் பளிங்கு. கேட்டவுடன் நினைவில் நிற்கும் அந்தப் பெயரில் பாதி ஆங்கிலக் காதுக்கும் பழக்கமானது என்பது பின்னாளில் அவருக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலப் படங்களுக்குள் அவர் நுழைந்தது 1956இல் வெளியான 'கமான்சி' மூலம். டேனா ஆண்ட்ரூஸ் கதாநாயகனாக நடித்த அந்தக் கௌபாய் படத்தில், கமான்சிப் பழங்குடியினரால் கடத்திச் செல்லப்படும் உயர்குடிப் பெண்ணாக அவர் வந்தார். கடத்தப்பட்ட பெண், மீட்கப்பட வேண்டிய பெண், நாயகன் விடைபெற்றுப் போகையில் கண்கலங்கி நிற்கும் பெண்: எல்லைப்புறக் கதைகளில் ஸ்பானிய மொழி பேசும் அழகிக்கென்று ஒதுக்கப்பட்ட வேலைகள் பெரும்பாலும் இவைதாம். அர்ஜென்டினாக்காரருக்கும் மெக்சிகோக்காரருக்கும் இடையே பேச்சிலும் பழக்கத்திலும் எவ்வளவு வேற்றுமை உண்டோ, அது பற்றி அந்தப் படங்களை எடுத்தவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் மெக்சிகோப் பெண்ணாக நடித்தார். நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கோ மக்களைப் பற்றிய படத்தில் நடித்தார். 1959இல் இத்தாலியில் எடுக்கப்பட்ட ஒரு வரலாற்றுப் படத்தில் கிளியோபாட்ராவாகவும் நடித்தார்.

அவருடைய சொந்த நாடு திரையில் பெயர் சொல்லி வந்தது 'தி பெர்ஃபெக்ட் ஃபர்லோ' என்ற நகைச்சுவைப் படத்தில். பிளேக் எட்வர்ட்ஸ் இயக்கி 1958இல் வெளியான அந்தப் படத்தில், துருவப் பகுதியின் இராணுவ முகாமில் வாடும் வீரர்களை உற்சாகப்படுத்த, அவர்களில் ஒருவரைப் பாரிஸ் நகரத்துக்கு விடுமுறையில் அனுப்பி, ஒரு சினிமா நட்சத்திரத்தோடு நாள்களைக் கழிக்கவைப்பதாகத் திட்டம் போடுவார்கள். வீரர் டோனி கர்ட்டிஸ். நட்சத்திரம், அர்ஜென்டினாவைச் சேர்ந்த சாண்ட்ரா ரோக்கா. மேலோட்டமாகப் பார்த்தால் கவர்ச்சிப் பொம்மை போன்ற பாத்திரம். ஆனால் அந்த நட்சத்திரத்துக்கு இரகசியமாக ஒரு திருமணம் நடந்திருக்கிறது என்ற திருப்பத்தை லிண்டா கிறிஸ்டால் கையாளும் விதத்தில், விளம்பரத்துக்காகப் போட்ட முகத்துக்குப் பின்னால் களைத்துப்போன ஒரு பெண் தெரிகிறாள். நம்பிக்கை தரும் புதுமுக நடிகைக்கான கோல்டன் குளோப் விருது 1959இல் மூவருக்குப் பகிர்ந்து அளிக்கப்பட்டபோது, சூசன் கோனர், டினா லூயிஸ் ஆகியோருடன் அவரும் அதைப் பெற்றார்.

[திரையில்: டெக்சாஸ், அலமோ கோட்டை முகப்பு]

அடுத்து வந்தது 1960இன் 'தி அலமோ', மெக்சிகோப் படையை எதிர்த்து டெக்சாஸ் போராளிகள் அலமோ கோட்டையில் நின்று போரிட்ட கதை. ஜான் வெய்ன் தானே இயக்கி, அந்தப் போராளிகளில் ஒருவரான டேவி கிராக்கெட்டாக நடித்த இந்தப் பெரும் பொருட்செலவுப் படத்தில், ஃப்ளாக்கா என்ற மெக்சிகோ நாட்டு விதவைப் பெண் அவர். கிராக்கெட் தன் ஆட்களைப் போருக்கு இணங்கவைப்பதற்காக, மெக்சிகோவின் தளபதி சாண்டா அன்னா அனுப்பியதுபோல ஒரு கடிதத்தைத் தயாரிக்கிறார். அதை ஸ்பானிய மொழியில் எழுதித் தருபவள் ஃப்ளாக்காதான். கதையை முன்னே தள்ளும் ஒரு காரியம் அவள் கையால் நடக்கிறது. அதன்பிறகோ கிராக்கெட் அவளைப் பாதுகாப்பாக ஊரைவிட்டு அனுப்பிவைக்கிறார், படமும் அவளை மறந்துவிடுகிறது. பிரியும் காட்சியில் அவர் சிறப்பாகவே நடித்திருக்கிறார். ஆயினும் அந்தக் காட்சியின் பேச்சு முழுவதும் வெய்னுக்கு உரியது.

ஒரு வருடத்துக்குள் இயக்குநர் ஜான் ஃபோர்ட் அவரை அழைத்தார். 1961இன் 'டூ ரோட் டுகெதர்' ஃபோர்டின் மிகச் சிறந்த படங்களின் வரிசையில் பொதுவாக வைக்கப்படுவதில்லை. எனக்கு அதில் முழு உடன்பாடு கிடையாது, அதற்குக் காரணம் எலேனா என்ற பாத்திரம். கமான்சிகளால் பல ஆண்டுகளுக்கு முன் பிடித்துச் செல்லப்பட்டு, வுடி ஸ்ட்ரோட் நடித்த ஸ்டோன் காஃப் என்ற வீரனுக்கு மனைவியாக வாழ்ந்தவள் அவள். ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த மெக்கேப் அவளை மீட்டு இராணுவக் கோட்டைக்கு அழைத்து வருகிறார். இதுவரை பழைய கதைதான், 'கமான்சி'யில் அவர் ஏற்றதற்கு நெருங்கிய உறவுள்ள வேடம்தான். ஆனால் ஃபோர்ட் அந்தப் பழைய கதை முடிகிற இடத்திலிருந்து தொடங்குகிறார்: மீட்கப்பட்ட பெண்ணை மீட்டவர்களின் சமூகம் எப்படி நடத்துகிறது?

[திரையில்: கோட்டையில் நடன விருந்து]

அதிகாரிகளின் நடன விருந்தில் எலேனா நல்ல உடை அணிந்து நிற்கிறாள். யாரும் அவளோடு ஆட முன்வரவில்லை. பெண்கள் அவளைக் காட்சிப்பொருள்போலப் பார்க்கிறார்கள், கேட்கக்கூடாத கேள்விகளைக் கேட்கிறார்கள். பழங்குடியினனுக்கு மனைவியாவதற்குப் பதில் உயிரை ஏன் மாய்த்துக்கொள்ளவில்லை என்ற கேள்விக்கு, தன் சமயம் அதை அனுமதிக்காது என்பதே அவள் தரப்பு விடை. கூடியிருந்தவர்களைப் பார்த்து மெக்கேப் ஆற்றும் கண்டன உரைதான் இந்தக் காட்சியின் உச்சம் என்று பலர் சொல்வார்கள். நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த உரையின்போது எலேனாவின் முகத்தை. அவளுக்காகப் பேசுகிற நல்ல மனிதனின் சொற்களும்கூட அவளைப் பலர் முன்னால் நிறுத்தி வைக்கின்றன. அந்த வலியை, கண்ணைத் தாழ்த்தாமல், உதட்டைக்கூட அதிகம் அசைக்காமல் லிண்டா கிறிஸ்டால் தாங்குகிறார். படத்தின் முடிவில் மெக்கேப் அவளோடு கலிஃபோர்னியாவுக்குக் குதிரைவண்டியில் புறப்படுகிறார். இம்முறை அவளைத் தனியே அனுப்பிவைக்காமல் நாயகனும் கூடவே போகிறான்.

இதற்குப் பிறகு வாய்ப்புகள் பெருகும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் இரண்டு மகன்களுக்குத் தாயானார், 1960களின் நடுவில் நடிப்பிலிருந்து பெரிதும் ஒதுங்கியிருந்தார்.

[திரையில்: 'தி ஹை ஷப்பரல்' தொடரின் குடும்பப் படம்]

1967 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி ஹை ஷப்பரல்' தொடங்கியது. 'பொனான்சா' தொடரை உருவாக்கிய டேவிட் டோர்ட்டார்ட்டின் படைப்பு இது. 1870களின் அரிசோனாவில் 'பெரிய ஜான்' எனப்படும் ஜான் கேனன் ஒரு மாட்டுப் பண்ணையை நிறுவுகிறார்; அப்பாச்சிப் பழங்குடியினரின் தாக்குதலில் அவர் மனைவி தொடக்கத்திலேயே இறந்துபோகிறார். எல்லைக்கு அப்பால், மெக்சிகோவின் சொனோராவில், தோன் செபாஸ்டியன் மொண்டோயா என்ற பெரும் நிலக்கிழார் இருக்கிறார். இருவரும் கூட்டுச் சேர்ந்தால்தான் பிழைக்க முடியும். அந்தக் கூட்டுக்கு மொண்டோயா வைக்கும் நிபந்தனை, தன் மகள் விக்டோரியாவைக் கேனன் மணக்க வேண்டும் என்பது.

ஆகவே விக்டோரியா அந்த வீட்டுக்குள் வருவது ஓர் உடன்படிக்கையின் பகுதியாக. கணவன் இன்னும் முதல் மனைவியின் துயரத்தில் இருப்பவன். அவன் மகன் ப்ளூ, தாயின் இடத்துக்கு வந்தவளை ஏற்க மறுப்பவன். ஒரு திரைப்படமாக இருந்திருந்தால் இந்தச் சிக்கல் இருபது நிமிடத்தில் தீர்ந்து, அவள் பின்னணிக்குப் போயிருப்பாள். தொடரில் அவருக்குக் கிடைத்தது நான்கு பருவங்கள், 98 பகுதிகள். லெய்ஃப் எரிக்சன் நடித்த கேனன் சிடுசிடுப்பான, பிடிவாதமான மனிதர். அவரோடு எதிர்த்துப் பேசவும், அவரை வழிக்குக் கொண்டுவரவும், அவர்மீது உண்மையான அன்பு கொள்ளவும் விக்டோரியாவுக்கு நேரம் கிடைத்தது. ஹென்றி டாரோ நடித்த சகோதரன் மனோலிட்டோவோடு அவள் சேர்ந்திருக்கும் காட்சிகளில் உடன்பிறந்தவர்களுக்கே உரிய கேலியும் உரிமையும் தாராளம். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். மொண்டோயாக்கள் கேனன்களைவிடப் பழைய குடி, கூடுதல் செல்வம் உடையவர்கள். கொள்ளைக்காரராகவோ வேலைக்காரராகவோ மட்டும் மெக்சிகோ மக்களைக் காட்டிப் பழகியிருந்த கௌபாய் கதைகளுக்கு நடுவில், இது அவர்களைச் சம நிலையில் வைத்த குடும்பக் கதை. அந்தச் சமநிலையைத் தினமும் உணவு மேசையில் நிலைநாட்டியவள் விக்டோரியா. 1970இல் இந்தப் பாத்திரத்துக்காக அவருக்குத் தொலைக்காட்சி நடிகைக்கான கோல்டன் குளோப் விருது கிடைத்தது. மறு ஆண்டு மார்ச்சில் தொடர் நிறைவுற்றது.

[திரையில்: கொலராடோவின் தர்பூசணி வயல்]

1974இல் வெளியான 'மிஸ்டர் மஜெஸ்டிக்' படத்தில் அவருடைய பாத்திரத்தின் பெயர் நான்சி சாவேஸ். ஊர் ஊராகச் சென்று அறுவடை செய்யும் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டும் சங்கப் பெண். அந்தப் பெயரைக் கேட்ட அமெரிக்கப் பார்வையாளர்களுக்குச் சேசர் சாவேஸ் நினைவுக்கு வராமல் இருந்திருக்க முடியாது. கலிஃபோர்னியாவின் டெலானோவில் 1965இல் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நடந்த திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தின் தலைவர் அவர். எல்மோர் லெனார்டின் திரைக்கதை, சார்லஸ் பிரான்சன் நடித்த தர்பூசணி விவசாயி, அவரைத் துரத்தும் கூலிக் கொலையாளி என்று படம் அதிரடியாகவே நகர்கிறது. ஆனாலும் தொடக்கத்தில், ஒரு பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறையைப் பயன்படுத்தக்கூட அந்தத் தொழிலாளர்களுக்கு அனுமதி மறுக்கப்படும் காட்சியில், நான்சியின் அடக்கிய கோபம் உண்மையாக இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையோடு கூடிய பெரிய துரத்தலில், பிரான்சன் சரக்குவண்டியின் பின்தட்டில் இருக்க, மலைப்பாதையில் வண்டியை ஓட்டுகிறவள் நான்சி. ஃப்ளாக்காவை ஊரைவிட்டு அனுப்பிவைத்த படத்துக்கும் இதற்கும் இடையே 14 ஆண்டுகள்.

பிறகு தொலைக்காட்சிப் படங்கள், சிறு வேடங்கள் என்று அவ்வப்போது தோன்றினார். 1985இல் தாய்நாட்டுக்குத் திரும்பி, 'ரோசே' என்ற அர்ஜென்டினாத் தொடரில் முதன்மை வேடம் ஏற்று, தம் சொந்த மொழியில் நடித்தார். 2020 ஜூன் 27ஆம் நாள், 89ஆம் வயதில், பெவர்லி ஹில்ஸில் காலமானார்.

இவரை முதன்முறையாகப் பார்க்கப்போகிறவர்கள் 'டூ ரோட் டுகெதர்' நடன விருந்துக் காட்சியிலிருந்து தொடங்கலாம். ஸ்டூவர்ட் பேசும்போது, பேசுகிறவரைப் பார்க்காமல் அவருக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பாருங்கள்.