சின்ன பைக்குக்கும் பரிசு வேண்டும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பந்தயம் என்றதும் பலருக்கும் கண்ணில் நிற்பது தொலைக்காட்சியில் வரும் 1000 சிசி வாகனங்கள்தான். நான் இன்றைக்குப் பேச வந்தது 125, 150 சிசி பைக்கில் ஓடும் பொடியன்களைப் பற்றி. பகலில் ஒரு வேலை, பின்னேரம் கராஜில் பைக்கோடு மல்லுக்கட்டல், போட்டி வந்தால் பந்தயத் தடம் இருக்கிற தியத்தலாவைக்கோ அநுராதபுரம் சாலியபுரத்துக்கோ லொறி பிடித்துப் போவது என்று இருப்பவர்கள் இவர்கள்.

ஒரு போட்டிக்கு முதல் நாள் இரவு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? முன் லைட், கண்ணாடி, சிக்னல், ஸ்டாண்ட் எல்லாம் கழலும். என்ஜின் ஒயில் வடிக்கிற போல்ட்டின் தலையில் மெல்லிய துளை போட்டு, கம்பி கோத்து முறுக்கிக் கட்டுவார்கள். ஓடும்போது அது கழன்று ஒயில் தடத்தில் சிந்தினால், பின்னால் வருகிறவன் சறுக்கி விழுவான். அந்தக் கம்பியை முறுக்கும் பொடியனின் அக்கறையைப் பார்த்தால், இவனை ‘ஊர் சுற்றுகிறவன்’ என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

இதெல்லாம் அவனுடைய சொந்தக் காசு. டயர், செயின், பிரேக், லொறிக் கூலி, நுழைவுக் கட்டணம், அப்புறம் நல்ல ஹெல்மெட். வென்றால் ஒரு கிண்ணம் கிடைக்கும். கிண்ணத்தை விற்று டயர் வாங்க முடியாது.

அனுசரணையாளர்களின் பணம் பெரும்பாலும் பெரிய சிசி வகுப்புக்கே போகிறது. சத்தம் அங்கே, கூட்டம் அங்கே, படம் எடுப்பவர்களும் அங்கே. ஆனால் யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடுவது என்ன? 100, 125, 150, 160. கடைக்காரர் விற்பதும் அதுதான், சனம் வாங்குவதும் அதுதான். தான் விற்கிற பைக்கே தடத்தில் ஓடும்போது, அதன் பரிசுக்கு ஒரு பங்கு கொடுப்பதைவிட நல்ல விளம்பரம் எது?

நம்முடைய மாட்டுவண்டிச் சவாரியில் இந்த நியாயம் எப்போதோ வந்துவிட்டது. மாட்டுச் சோடிகளை ஏ, பி, சி, டி என்று பிரித்து ஓட விடுகிறார்கள். கீழ்ப் பிரிவில் ஓடும் சோடிக்கும் பரிசு உண்டு. அந்தப் பரிசுக்குக் காசு அனுப்ப வெளிநாட்டில் உறவுகளும் உண்டு. பைக்குக்கும் அதே மனம் வரவேண்டும்.

மற்ற இடங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் கவாசாகி, யமஹா போன்ற நிறுவனங்கள் 300, 400 சிசி வகுப்புகளில் ஓடும் அமெச்சூர்களுக்கும் பணம் ஒதுக்குகின்றன. நிபந்தனைகள் எளியவை: நிறுவனத்தின் பைக்கில் ஓட வேண்டும், முன்கூட்டியே பதிய வேண்டும், அதன் ஸ்டிக்கர் தெரிய வேண்டும், இத்தனையாம் இடத்துக்குள் முடிக்க வேண்டும். பணத்தைப் பல நேரம் கையில் கொடுக்காமல், விற்பனைக் கடையில் உதிரிப்பாகமாக வாங்கிக்கொள்ளும் விதமாகக் கொடுக்கிறார்கள். இந்தியாவில் டிவிஎஸ் 1994இல் தொடங்கிய ஒரே வகை பைக் போட்டியில் பைக்கை நிறுவனமே தயார் செய்து கொடுக்கிறது. எல்லோருக்கும் ஒரே பைக் என்பதால், யார் ஓட்டத் தெரிந்தவன் என்பது இரண்டு சுற்றிலேயே தெரிந்துவிடும். சென்னை வீரர் எஸ். சரத்குமார் 2011இல் உலக சம்பியன்ஷிப்பில் ஓடியதும் 125 சிசி பிரிவில்தான்.

சரி, நம்மால் என்ன முடியும்? ஒரு வகுப்புக்கு ஒரு லட்சம் ரூபாய் சேர்ந்தால், அதை ஒருவனிடமே கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கேட்பேன். 30,000, 25,000, 20,000, 15,000, 10,000 என்று ஐந்து பேருக்குப் பிரியுங்கள். முதலாவதாக வருகிறவன் எப்படியும் அடுத்த போட்டிக்கு வருவான். ஐந்தாவதாக வந்தவனுக்குத்தான் வீட்டில், “இனிப் போதும்” என்று சொல்வார்கள். அந்தப் பத்தாயிரம் அவனை இன்னொரு போட்டிக்குக் கொண்டுவரும். டயர்க் கடை வைத்திருப்பவர் காசுக்குப் பதிலாக டயராகவே கொடுக்கலாம், ஒயில் கடைக்காரர் ஒயிலாகக் கொடுக்கலாம்.

ஒரு நிபந்தனையில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பொது வீதியில் பந்தயம் விட்டுப் பிடிபட்டவனுக்கு அந்த ஆண்டு ஒரு சதமும் இல்லை. அனுமதிப்பத்திரம் இல்லாதவனுக்கும், உறுதியான ஹெல்மெட் இல்லாதவனுக்கும் அப்படியே. ஏ-9 வீதியில் இரவில் வேகம் பார்க்கிற பொடியனுக்கு, தடத்துக்குப் போனால் காசும் பெயரும் உண்டு என்று காட்டினால், போகச் சொல்லி நாம் கெஞ்ச வேண்டி வராது.

அனுசரணை தருகிறவர்களிடம் கடைசியாக ஒன்று. எந்த இடத்துக்கு எவ்வளவு என்பதைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்னரே அறிவியுங்கள். பரிசை அன்று பின்னேரமே, மேடையில் வைத்தே கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும் லொறிக்காரர் அன்றைக்கே கூலி கேட்பார்.

நன்றி, வணக்கம்.