பச்சை விளக்கு காட்டாத வளைவு

நேயர்களுக்கு வணக்கம்.

ரயிலில் முன்பெல்லாம் 'தடக் தடக்' என்று ஒரு தாளம் கேட்டுக்கொண்டே வரும். தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியைச் சக்கரம் தாண்டும் சத்தம் அது. வெயிலில் இரும்பு நீள இடம் வேண்டுமே, அதற்காக விட்டது. இப்போது பல பாதைகளில் துண்டுகளைப் பற்றவைத்து, கிலோமீட்டர் கணக்கில் ஒரே தண்டவாளமாக்கிவிட்டார்கள். சரி, நீளுகிற இரும்பு எங்கே போகும்?

எங்கும் போகாது, போக விடுவதில்லை. வெப்பம் 30 டிகிரி கூடினால், ஒரு கிலோமீட்டர் தண்டவாளம் தடையில்லாமல் இருந்தால் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் நீளும். கிளிப்பும் ஸ்லீப்பர் கட்டையும் ஜல்லியும் சேர்ந்து அதை இறுக்கிப் பிடிக்கின்றன. நீள முடியாத இரும்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. கனமான தண்டவாளத்தில் அது 50 டன்னைத் தாண்டும், அதுவும் ஒரு பக்கத்துத் தண்டவாளத்துக்கு மட்டும். ஜல்லி எங்கே தளர்ந்திருக்கிறதோ, அங்கே பாதை பாம்பு மாதிரி நெளிந்துவிடும். பராமரிப்புக்காக அண்மையில் ஜல்லியைக் கிளறிய இடம் இன்னும் மோசம்.

"சிக்னல் காட்டிக்கொடுக்காதா?" என்று கேட்கத் தோன்றும். பல பாதைகளில் தண்டவாளத்தின் வழியே சிறிதளவு மின்சாரம் ஓடுகிறது. குளிரில் தண்டவாளம் முறிந்தால் பெரும்பாலும் அந்தச் சுற்று அறுந்து, விளக்கு சிவப்பாகும். வளைந்த தண்டவாளம் முறியவில்லையே! மின்சாரத்துக்கு நேரான இரும்பும் ஒன்றுதான், வளைந்த இரும்பும் ஒன்றுதான். விளக்கு பச்சையாகவே நிற்கும்.

அதனால்தான் உச்சிவெயிலில் ஆட்கள் பாதையோரம் நடந்து பார்க்கிறார்கள். ரயிலில் பொருத்திய கேமராவும் அதிர்வுமானியும் உதவும். ஆனால் பல வளைவுகள் ஓடுகிற ரயிலுக்கு அடியிலேயே உண்டாகின்றன. சக்கரம் அழுத்தும்போது அதற்குச் சற்று முன்னால் பாதை லேசாக மேலெழும், ஜல்லியின் பிடி அந்த நொடியில் குறையும். ஐந்து நிமிடம் முன்பு எடுத்த படத்தில் பாதை நேராகத்தான் இருக்கும்.

ஆகவே வளைவைத் தேடுவதைவிட அழுத்தத்தை அளப்பதே மேல் என்பேன். எந்த வெப்பநிலையில் தண்டவாளம் இழுவிசையும் அழுத்தமும் இல்லாமல் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், மீதியைக் கணக்குப் போட்டுவிடலாம். பதிக்கும்போது குறித்த அந்த எண், பிரேக் பிடிப்பதாலும் பழுது பார்ப்பதாலும் மெல்ல மாறிவிடும். அதை மறுபடி அறிய ஒரு வழி உண்டு: வெயில் தணிந்த நேரத்தில் ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கிளிப்புகளைக் கழற்றி, தண்டவாளத்தைத் தூக்கிப் பார்ப்பது. இறுகிய தந்தி எளிதில் எழும்பாது அல்லவா, அதே சூட்சுமம்தான். துல்லியமான முறை, ஆனால் ரயிலை நிறுத்தித்தான் செய்ய முடியும். அதனால் இப்போது தண்டவாளத்திலேயே இழுவிசை உணரிகளை ஒட்டி, வெப்பத்தையும் சேர்த்து இடைவிடாமல் அளக்கிறார்கள். அழுத்தம் எல்லையை நெருங்கினால், அந்தப் பகுதியில் ரயிலை மெதுவாக ஓட்டச் சொல்லிவிடலாம்.