‘பிழை யாரில?’ என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள்
(கிளிநொச்சியில் வாசகர் வட்டங்களை நடத்துபவர்களிடையே ஆற்றிய உரை)

அவையோருக்கு வணக்கம்.

அடுத்த மாதத்துக்கு நீங்கள் எடுத்திருப்பது அமெரிக்க எழுத்தாளர் நோரா எஃப்ரோன் 1983இல் எழுதிய ‘ஹார்ட்பேர்ன்’ நாவல். சமையல் எழுத்தாளரான ரேச்சல் ஏழு மாதக் கர்ப்பிணி. கணவன் மார்க்குக்கு வேறொருத்தியோடு தொடர்பென்று அறிகிறாள். தன் சொந்த மணமுறிவிலிருந்தே எஃப்ரோன் இதை எழுதினார். ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு.

இத்தகைய நாவலில் பேச்சு சீக்கிரமே மத்தியஸ்த சபை விசாரணையாக மாறிவிடும். அதற்குக் காரணம் உண்டு. நமது பொதுச் சட்டப்படி, அதாவது 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, மணவிலக்குக் கேட்பவர் மற்றவரின் பிறர்மனைத் தொடர்பையோ வன்மத்தோடு கைவிட்டதையோ நிரூபிக்கவேண்டும். இல்லையேல் மணம் முடிக்கும்போதே தீராத ஆண்மையின்மை இருந்ததென்று காட்டவேண்டும். ‘ஒத்துவரவில்லை’ என்றால் மாவட்ட நீதிமன்றம் ஏற்காது. அந்தப் பழக்கத்தில் நாவலிலும் குற்றவாளியைத் தேடுகிறோம். மார்க்கின் பிழை தொடக்கத்திலேயே வெளிச்சம். அதில் ஆராய என்ன இருக்கிறது? இவ்வளவு நொந்தவள் நம்மை ஏன் சிரிக்க வைக்கிறாள் என்று கேளுங்கள்.

பத்துப் பேருக்கு இரண்டு மணித்தியாலம் வேண்டும். ஆங்கிலம் சிரமமானவர்களுக்காக மூன்று இடங்களை முதலே தமிழாக்கி வைத்துச் சத்தமாக வாசியுங்கள். கடைசி அத்தியாயம் கட்டாயம். மார்க்கின் மீது தேசிக்காய் ‘pie’ என்ற இனிப்புப் பண்டத்தை எறிந்ததை முதலே சொல்லிவிட்டுத்தான் அதன் செய்முறைக்கு வருகிறாள்: ஆறு முட்டை மஞ்சள் கரு, ஒரு கப் தேசிக்காய்ச் சாறு, 14 அவுன்ஸ் ரின்பால் இரண்டு ரின், துருவிய தேசிக்காய்த் தோல் ஒரு மேசைக்கரண்டி. ஊற்றி உறைய விடவேண்டும். ‘சமையல்தானே’ என்று பலர் இதைத் தாண்டிப் போவார்கள். அப்படிப் போனால் சிரிப்பு செத்துவிடும். அது எங்கே போய் விழப்போகிறதென்று தெரிந்துகொண்டே அளவுகளைக் கேட்பதில்தான் சிரிப்பு ஊறுகிறது. அவசரப்படாமல், ஒரு அளவையும் விடாமல் வாசியுங்கள். பிறகு எந்த வரியில் சிரித்தார்கள் என்று கேளுங்கள். சிரிக்காதவரை முதலில் பேச விடுங்கள். பெரும்பாலும் அவரே கூர்ந்து வாசித்திருப்பார்.

ஒருவர் ‘எங்கட ஊரிலயும் ஒரு பிள்ளை...’ என்று தொடங்கினால் உடனே நிறுத்தி, பக்க எண்ணைக் கேளுங்கள். நம் குடியிருப்புகளில் பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். பிரிந்து வாழ்பவர்களும், கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்களும் அந்த வட்டத்திலேயே இருப்பார்கள். பின்னவர்களின் நிலை மணமுறிவு அல்ல. இரண்டையும் ஒருபோதும் சேர்த்துப் பேசாதீர்கள். நாவலின் பொருளை இரண்டு வாரம் முன்பே அறிவியுங்கள். வராதவரிடம் காரணம் கேட்காதீர்கள். வட்டமாகச் சுற்றி எல்லாரையும் கட்டாயம் பேசவைக்கும் முறை இந்த நூலுக்கு வேண்டாம்.

ரேச்சலே தன் காரணத்தைச் சொல்கிறாள்: கதையைத் தான் சொன்னால் அதன் போக்கு தன் கையில் இருக்கும், பிறர் பரிதாபப்படுவதைவிடச் சிரிப்பது மேல். இதை ஏற்கிறீர்களா என்று கேட்டு நன்றாக விவாதிக்க விடுங்கள். மார்க்குக்குச் சொல்லிக்கொடுக்காமலே வைத்திருந்த சலாட் குழம்பின் பக்குவத்தை முடிவில் சொல்லிக்கொடுக்கிறாள்: கடுகு விழுது, வினாகிரி இரண்டிரண்டு மேசைக்கரண்டி, ஒலிவ் எண்ணெய் ஆறு. இது மன்னிப்பா, கணக்குத் தீர்ப்பதா? என் எண்ணம் இரண்டாவது. இதற்குக் கடைசி அரை மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கம் போகிறவர்கள் பஸ்ஸுக்கு எழும்பவேண்டி வரும். ஆகவே பிற்பகல் 2 மணிக்கே தொடங்கிவிடுங்கள்.