மண்டையில் ஏறாத கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் எந்த ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனாலும், பெற்றோர் கூட்டத்தில் நான் தவறாமல் கேட்ட பேச்சு ஒன்று உண்டு. "எம் பிள்ளைக்குக் கணக்கு மட்டும் மண்டையில ஏறாதுங்க சார். அவங்க அப்பாவும் அப்படித்தான்." பரம்பரைச் சொத்தைப் பற்றிப் பேசுவது போலவே சொல்வார்கள்.

பாலக்கோடு சந்தைக்குப் போயிருந்தேன். என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அம்மாவுக்குப் பதிலாகக் காய்க்கடையில் உட்கார்ந்திருந்தாள். கத்தரிக்காய் கிலோ 36 ரூபாய். ஒன்றே முக்கால் கிலோ கேட்டேன். தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "ரெண்டு கிலோன்னா எழுபத்திரண்டு, கால் கிலோவுக்கு ஒன்பது போக அறுபத்து மூணு." நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். "மூணு ரூபா சில்லறை இருக்கா சார்? நாப்பதா கொடுத்துடறேன்."

மறுநாள் வகுப்பில் அவளைக் கூப்பிட்டு, கரும்பலகையில் 36 பெருக்கல் 1.75 என்று எழுதினேன். பெருக்கலைச் சரியாகவே போட்டாள். தசமப் புள்ளியை மட்டும் ஒரு இடம் தள்ளி வைத்து, விடை 630 என்றாள். "ஏம்மா, நேத்து என்கிட்ட எவ்வளவு வாங்கினே?" என்றேன். சிரித்துவிட்டாள். "அது சந்தை சார், இது கணக்கு."

இது பாலக்கோட்டுக் கதை மட்டுமல்ல. பிரேசிலில் ரெசிஃபே என்ற நகரில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1985இல் வந்தது. கடையில் வைத்துக் கேட்டபோது 98 சதவீதம் சரி. அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாக எழுதிக் கொடுத்தால் 37தான். ஐந்தே பிள்ளைகளை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம். சரி, 2025இல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழுவினர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைப் பார்த்தார்கள். அங்கேயும் இதே கதைதான். அதைவிட முக்கியம், தாளில் கணக்குப் போடத் தெரிந்த பள்ளிப் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள்.

ஆகவே, "வாழ்க்கைக் கணக்கு தெரிஞ்சா போதும், புத்தகம் எதுக்கு?" என்பதும் சரியில்லை, "புத்தகக் கணக்கு வந்தா எல்லாம் வந்துடும்" என்பதும் சரியில்லை. ஒன்று தெரிந்தால் இன்னொன்று தானாக வராது, யாராவது இரண்டையும் இணைத்துக் காட்ட வேண்டும். அந்தப் பெண் செய்தது என்ன? 36ஐ இரண்டால் பெருக்கி, 36இல் கால் பங்கைக் கழித்தாள். பாடநூலில் இதற்குப் பங்கீட்டுப் பண்பு என்று பெயர். "நீ சந்தையில் போட்டது இதுதான்" என்று சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? நம் பக்கத்தில் தக்காளி மண்டிக்கும் மாந்தோப்புக்கும் போய்வராத பிள்ளை குறைவு. மறுபடியும் சொல்கிறேன், இணைத்துக் காட்டுவது ஆசிரியர் வேலை.

அப்புறம், பெண் பிள்ளைக்குக் கணக்கு வராது என்பது. அமெரிக்காவில் சுமார் 70 லட்சம் மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை அலசி 2008இல் வெளியிட்டார்கள். ஆண், பெண் சராசரியில் வேறுபாடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. வேகமாகப் போடுபவன்தான் கெட்டிக்காரன் என்பதைப் பற்றி நிறையப் பேச எண்ணியிருந்தேன். வேகம் வேகம் என்று விரட்டினால் பயம்தான் வரும். பயம் வந்துவிட்டால், விடையைத் தேட வேண்டிய மனசு பயத்தைச் சுமப்பதிலேயே தீர்ந்துபோகிறது. அவ்வளவுதான் இப்போது சொல்ல முடியும், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள்.

பெற்றோருக்கு ஒன்றே ஒன்று. ஒரே வகைக் கணக்கை இருபது தடவை போடச் சொல்லாதீர்கள். வட்டி ஒன்று, பின்னம் ஒன்று, பரப்பளவு ஒன்று என்று கலந்து கொடுங்கள். ஏழாம் வகுப்புகள் 54இல் இதைச் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 61 சதவீதம், மற்றவர்கள் 38. போடும்போது பிள்ளை முணுமுணுக்கும், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். வணக்கம்.