இரவில் சோதனைக்கு வரலாமா?

நேயர்களுக்கு வணக்கம். சர்ச் வாரண்ட், அதாவது நீதிமன்றம் தரும் சோதனை ஆணை பற்றிப் பேச்செடுத்தாலே, "ராத்திரியில் போலீஸ் வீட்டுக்குள் வரலாமா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். வரலாம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, வீட்டுச் சோதனைக்குப் பகல், இரவு என்று பிரித்து எதுவும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தபின் கூடாது என்று பலர் நினைப்பது பெண்களைக் கைது செய்வதற்கான விதி. வாரண்டுக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. நிறைவேற்றும் வரை, அல்லது நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது செல்லும். ஆனால் மாடி அறை மட்டும் என்று நடுவர் (மாஜிஸ்திரேட்) எழுதியிருந்தால், கீழ்த்தளத்தைக் கிளற அதிகாரமில்லை. ஆகவே வாரண்டைக் கேட்டு வாங்கி, இடத்தின் விவரத்தை முதலில் படியுங்கள்.

நேரத்தைக் கறாராகப் பார்ப்பது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம். அதன் 42-வது பிரிவின்படி, வாரண்ட் இல்லாமல் நுழையும் அதிகாரிக்குச் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் நேரம். இருட்டியபின் நுழைய வேண்டுமா? வாரண்ட் வாங்கப் போனால் சரக்கை மறைத்துவிடுவார்கள், ஆள் தப்பிவிடுவான் என்று நம்புவதற்கான காரணத்தை அவர் எழுதிவைக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் அதன் நகல் மேலதிகாரிக்குப் போக வேண்டும். பல வழக்குகள் உடைவது இந்தக் காகிதத்தில்தான். தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தால் ஏற்கலாம், அடியோடு செய்யாமல் விட்டால் ஏற்க முடியாது என்று 2009-இல் கர்னெயில் சிங் வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்னது. நடுவரே வாரண்ட் கொடுத்திருந்தால் 41-வது பிரிவின்படி இரவிலும் சோதிக்கலாம். பேருந்து நிலையம் போன்ற பொது இடத்துக்கும் இந்த நேரக் கட்டு இல்லை.

மற்ற குற்றங்களில் வாரண்ட் இல்லாத சோதனைக்குச் சன்ஹிதாவின் 185-வது பிரிவு. என்ன பொருளைத் தேடுகிறோம், ஏன் காத்திருக்க முடியாது என்பதை விசாரணை அதிகாரி முன்கூட்டியே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். வந்து எடுத்துப் போனபின் எழுதினால், குறுக்கு விசாரணையில் அது தெரிந்துவிடும்.

சோதனை தொடங்குமுன் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த, சார்பற்ற சாட்சிகள் குறைந்தது இருவரை அழைக்க வேண்டும். நடப்பில், ஸ்டேஷனுக்குப் பழக்கமான அதே இரண்டு பேர் எல்லா மகஜரிலும் (கைப்பற்றல் பதிவு) கையெழுத்துப் போடுவதுண்டு. வழக்கறிஞர்கள் முதலில் தேடுவது அதைத்தான். கைப்பற்றிய ஒவ்வொரு பொருளும் எங்கே கிடைத்தது என்ற பட்டியலில் சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரர் உடனிருக்கலாம். பட்டியலின் நகல் அவருக்குக் கிடைக்க வேண்டும். பெண்ணின் உடலைப் பெண்தான் சோதிக்கலாம். சன்ஹிதாவின் 105-வது பிரிவு வந்தபின் சோதனை முழுவதையும் வீடியோ எடுத்து, தாமதமின்றி நடுவருக்கு அனுப்புவதும் கட்டாயம்.

போதைப்பொருள் சட்டத்தின் கட்டாய விதிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், முறை தவறியது என்பதற்காகவே கிடைத்த பொருள் சாட்சியமாகாமல் போகாது. 1973-இல் பூரன் மல் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. குறை எல்லாம் அந்தச் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்குத்தான் போகும். அதனால் வாசலில் மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. சொல்லியும் திறக்காவிட்டால் கதவை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது. 185-வது பிரிவில் எழுதிய குறிப்பின் நகல் 48 மணி நேரத்துக்குள் நடுவரிடம் போயிருக்க வேண்டும். மனு கொடுத்தால் வீட்டுக்காரருக்கு அதைக் கட்டணமில்லாமல் தருவார்கள். மறுநாளே மனுப் போடுங்கள்.